ஊன்றிய திருவடி

சுமத்திராவிலோ ஜாவாவிலோ ஒரு மலை வாய் பிளந்து நெருப்பைக் கக்கியது என்ற செய்தி வரும்போதெல்லாம், மலேசியாவின் காஜாங் பட்டணத்துத் தேநீர்க் கடைகளிலும் கோயில் மண்டபத்துப் படிக்கட்டுகளிலும் ஒரு வார்த்தை தவறாமல் எழும்: “நம்ம நாட்டைச் சாமிதான் காப்பாத்துது.” சொல்பவர்கள் நல்லவர்கள், நன்றியுணர்ச்சியினால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், காப்பாற்றப்பட்டவன் ஒருவன் இருந்தால் கைவிடப்பட்டவன் ஒருவனும் இருந்தாக வேண்டுமல்லவா? மலாக்கா நீரிணைக்கு இக்கரையில் பிறந்தவன்மீது ஈசனுக்குக் கருணை, அக்கரையில் பிறந்தவன்மீது கோபம் என்று, நாம் வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஒரு கொள்கை அந்த நன்றிக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது. சைவத்தை நம் சமயம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதை ஆராயாமல் விடுவது தகாது.

பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவதை முதலில் கேட்போம். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெருந்தட்டுகளாகப் பிளவுண்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்துமாக் கடலின் அடித்தளமாக அமைந்த தட்டு, சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடல் அகழியில் தலை கவிழ்ந்து அத்தீவின் கீழே சரிந்து இறங்குகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, அத்தட்டு தன்னுள் பொதிந்து கொண்டுவந்த நீர் பிரிந்து மேலேறி, மேலிருக்கும் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடவே, அங்கே பாறை குழம்பாகி வழி தேடி மேலே எழுகிறது. சுமத்திராவின் பாரிசான் மலைத்தொடர் நெடுகிலும், அதைத் தொடர்ந்து ஜாவாவிலும் பாலியிலும் அப்பாலும் எரிமலைகள் வரிசை வகுத்து நிற்பதற்கு இதுவே காரணம். அந்த வரிசைக்கு வெகுதூரம் பின்னால், நெடுங்காலமாக அசைவு குறைந்த பழைய நிலப்பரப்பின்மீது காஜாங் அமைந்திருக்கிறது. நாம் அமைதியாகத் தூங்குவதற்குக் காரணம் இந்தத் தூரம், நம் புண்ணியமன்று. நீர் புகுந்ததனால்தான் அங்கே பாறை உருகியது என்பதை எண்ணும்போது, நெற்றிக்கண்ணின் பொறிகள் சரவணப் பொய்கையில் சேர்ந்த புராணம் என் நினைவில் எழுவதைத் தடுக்க முடியவில்லை. புராணத்தை விஞ்ஞானமாக்க நான் விரும்பவில்லை. நெருப்பும் நீரும் பகையல்ல என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லா எரிமலைகளும் ஒரே சுபாவம் உடையன அல்ல. ஹவாய்த் தீவுகள் தட்டுகளின் விளிம்பில் இல்லை. பசிபிக் தட்டின் நடுவிலே, ஆழத்திலிருந்து எழும் வெப்பத் தாரையின்மேல் அமைந்துள்ளன. அங்கே வெளிவரும் குழம்பில் சிலிக்கா குறைவு. ஆகவே அது நீர்த்துப் பரவி, அடுக்கடுக்காக உறைந்து, மௌனா லோவாவைப்போலக் கவிழ்த்த கேடயத்தின் வடிவில் அகன்ற மலையாகிறது. இதைக் கேடய எரிமலை என்பர். ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களிலோ குழம்பு பெரும்பாலும் பிசுபிசுத்து, ஆவியை வெளியே விடாமல் அடக்கி வைத்திருந்து, அடக்கம் எல்லை மீறிய கணத்தில் வெடிக்கிறது. சாம்பலும் குழம்பும் மாறி மாறிப் படிந்து உயரும் இந்தக் கூட்டு எரிமலைகளே ஜாவாவின் மெராபி, ஜப்பானின் ஃபூஜி, இத்தாலியின் வெசூவியஸ், பிலிப்பைன்ஸின் மயோன் முதலியன. பசிபிக் மாகடலைச் சூழ்ந்து கிடக்கும் நெருப்பு வளையம் பெரும்பாலும் இந்த வகையினதே. தழல் கூம்பு என்பது சிறியது. ஆனால் அதன் பிறப்பை மனிதன் கண்ணால் கண்டதுண்டு. மெக்சிகோவில் 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோளக்கொல்லையில் நிலம் பிளந்து பரிகூட்டின் என்னும் மலை பிறந்தது. 1952 வரை எரிந்து பின் அடங்கிற்று. தட்டுகள் பிரியும் இடங்களான ஐஸ்லாந்திலும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவிலும் உள்ள எரிமலைகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் தோபாவைக் கடந்து போக முடியாது. வட சுமத்திராவில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உடைய அந்த ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாபெரும் வெடிப்பினால் நிலம் உள்ளே அமிழ்ந்து உண்டான பெருவாய். அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவில் படிந்தது. ஆந்திரத்தில் ஜ்வாலாபுரம் என்னும் ஊரில் அந்தச் சாம்பல் அடுக்கின் கீழும் மேலும் கற்கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தார்கள். அதே சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பானிலும், நமக்கு மிக அண்மையில், அம்பாங்கிலும் கிடைத்திருக்கிறது. ஆக, எரிமலை தொடாத மண் என்று நாம் நினைக்கும் இந்தச் சிலாங்கூர் மண்ணிலும் தோபாவின் சாம்பல் கலந்திருக்கிறது.

அது மட்டுமா? தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் உள்ளே உருகி, பெரும்பாலும் வெளியே வராமல் ஆழத்திலேயே மெல்லக் குளிர்ந்து உறைந்த குழம்பு. ஓரிரு இடங்களில் அது வெளியே வெடித்ததும் உண்டு. காராக் நெடுஞ்சாலை கடக்கும் கெந்திங் செம்பாவின் பாறைகள் அந்தப் பழைய வெடிப்புகளின் எச்சம் என்பர். வெளிவராமல் உறைந்த கருங்கல்லோடு சேர்ந்து உருவானதுதான் இந்நாட்டின் வெள்ளீயம். அந்த ஈயத்தைத் தேடி வந்தவர்களால் கோலாலம்பூர் ஊராயிற்று, சாலையும் இரயிலும் வந்தன, அவற்றை அடுத்துக் காப்பித் தோட்டமும் ரப்பர்த் தோட்டமும் வந்தன, நம் பாட்டன்மாரும் வந்தார்கள். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றான இஞ்ச் கென்னத் காஜாங்கிலேதான் இருந்தது. நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த சங்கிலியின் முதற்கண்ணி, வெளிவராத ஒரு நெருப்பு.

உலு லங்காட் பதினாறாங்கட்டையில் டூசுன் துவா வெந்நீர் ஊற்று இருக்கிறது. விடிந்தும் விடியாத வேளையில் போனால், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்ட பாட்டிமார்கள் குளக்கரை விளிம்பில் அமர்ந்து, முதலில் பெருவிரல் நுனியை நனைத்து, சுருக்கென்று இழுத்து, மறுபடி நனைத்து, கடைசியில் கணுக்கால் வரை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைக் காணலாம். மூட்டுவலிக்கு நல்லது என்பது அவர்கள் அநுபவம். இந்த ஊற்றுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டைப் பெற்று மீண்டும் மேலே வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு பூமி உருவான காலத்து மிச்சம். மற்றொரு பங்கு பாறைக்குள் அணு அணுவாகச் சிதைந்துகொண்டிருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து பிறப்பது. மெராபியை வெடிக்கச் செய்வதும் இதே உட்சூடு. பாட்டியின் முழங்காலுக்கு இதம் தருவதும் இதே உட்சூடு.

இனிச் சமயத்துக்கு வருவோம். யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே சம்பிசாரி என்னும் சிற்றூரில், 1966-ஆம் ஆண்டு ஓர் உழவர் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தபோது அவர் மண்வெட்டி செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டிப் பார்த்ததில், தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆறரை மீட்டர் ஆழத்தில், எரிமலைச் சாம்பலும் மணலும் மூடிய ஒரு சிவாலயம் வெளிப்பட்டது. கருவறையில் இலிங்கம், புறச்சுவர் மாடங்களில் துர்க்கை, விநாயகர், அகத்தியர். இன்றைக்கும் அந்தக் கோயிலைத் தரிசிக்க, வயல்மட்டத்திலிருந்து படியிறங்கிப் பள்ளத்துக்குள் போகவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், சிவனே கதி என்றிருந்த ஒரு ஜனசமூகம் பக்தியோடு எழுப்பிய ஆலயத்தை மெராபி மூடிவிட்டது. எரிமலை இறைவனின் தண்டனை என்பவர்கள், அந்த இறைவன் தன் திருமேனியையே தண்டித்துக்கொண்டான் என்றல்லவா சொல்ல வேண்டும்?

பாலித் தீவில் நிகழ்ந்தது இதற்கு எதிர்மறை. ஆகுங் மலைச் சாரலிலுள்ள பெசாக்கித் தாய்க்கோயிலில், சக வருஷக் கணக்கில் நூறாண்டுக்கு ஒருமுறை செய்யப்படும் ஏகாதச ருத்திர மகாயாகத்தை 1963-இல் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோயில் மட்டும் தப்பியது. அதை அற்புதம் என்று போற்றியவர்கள் பலர். யாகத்தின் காலக்கணக்குப் பிசகியதால் ருத்திரர்கள் சினந்தார்கள் என்றவர்களும் பலர். இரண்டு வியாக்கியானமும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. கோயிலைக் காத்து, கோயிலுக்கு நெல் கொடுத்த குடியானவனை எரிப்பது எந்த அன்பின் இலக்கணம்? பெசாக்கி தப்பியதை அருள் என்றால் சம்பிசாரி புதைந்ததையும் அருள் என்றே சொல்ல வேண்டும். சம்பிசாரியைத் தண்டனை என்றால் பெசாக்கியை வெறும் தற்செயல் என்றே சொல்ல வேண்டும். நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஈசனின் கையைக் காண்பது பக்தியின் பெயரால் செய்யும் வழக்காடல்.

நம் சித்தாந்தம் இதைவிட ஆழமாகச் சிந்தித்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் இயற்றிய சிவஞான போதம், தொடக்கத்திலேயே ஒரு துணிவான வாதத்தை முன்வைக்கிறது: தோன்றி நின்று ஒடுங்கும் இவ்வுலகம் எதனுள் ஒடுங்குகிறதோ அதனிடமிருந்தே மீண்டும் தோன்ற வேண்டும், ஆகவே ஒடுக்குபவனே முதல்வன். இதைப் படித்தவர்கள் எரிமலையைக் கண்டவுடன் ‘இதோ சங்காரம்’ என்று சொல்லிவிடுவதுண்டு. மேடைப் பிரசங்கங்களிலும் கேட்டிருக்கிறேன். அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். சித்தாந்தத்தில் சங்காரமாவது, தநு, கரண, புவன, போகங்கள் யாவும் தம் காரணமாகிய மாயையில் ஒடுங்கி, பிறவிச் சுழலில் களைத்த ஆன்மாக்கள் இளைப்பாறுவது. ஓர் ஊர் சாம்பலில் மூழ்குவது அதுவன்று. அப்படியானால் எரிமலை ஐந்தொழிலில் எதைச் சேர்ந்தது?

துணிந்து சொல்கிறேன்: அது ஸ்திதியைச் சேர்ந்தது, காத்தல் தொழிலின் ஓர் அங்கம். உட்சூடு முற்றும் தணிந்துவிட்ட பூமியைக் கற்பனை செய்து பாருங்கள். தட்டுகள் நகரா, புதிய மலை எழாது, இருக்கும் மலைகளை மழை கரைத்துக் கடலில் சேர்த்துவிடும். ஆதியில் காற்று மண்டலத்துக்கும் கடலுக்கும் வேண்டிய வாயுவையும் ஆவியையும் பூமியின் வயிற்றிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் எரிமலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜாவாவின் வயல்கள் இத்தனை கோடி மக்களுக்குச் சோறிடுவது அம்மலைகள் காலந்தோறும் இறைக்கும் சத்துள்ள சாம்பலினால். வட சுமத்திராவில் டெலியின் புகையிலை உலகப் பிரசித்தி பெற்றதும் எரிமலை மண்ணின் வளத்தாலே. அந்தத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களும் உண்டு. 1884-இல் எழுந்த மேடான் மாரியம்மன் கோயில் இன்றும் அவர்கள் சந்ததியாருக்குத் தாய்வீடு. தக்கணத்தில் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெள்ளமாகப் பாய்ந்து உறைந்த லாவாப் பாறையைக் குடைந்துதான் எட்டாம் நூற்றாண்டில் எல்லோராவின் கைலாசநாதர் ஆலயத்தைச் செதுக்கினார்கள். எரிமலை மூடிய சிவாலயம் ஒன்று, எரிமலைப் பாறையே சிவாலயமானது ஒன்று. அழிப்பவனும் காப்பவனும் ஒருவனே என்பதை ஏட்டில் படிப்பது எளிது. சம்பிசாரியையும் எல்லோராவையும் சேர்த்து நினைக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

அப்படியானால் காஜாங்கின் அமைதி எந்தத் தொழிலைச் சேர்ந்தது? தில்லைக் கூத்தனின் திருவுருவத்தை உற்றுப் பாருங்கள். துடி சிருஷ்டியைக் குறிக்கும்; அபய கரம் காத்தலை; ஒரு கையில் ஏந்திய தீ ஒடுக்கத்தை; தூக்கிய திருவடி அருளை. ஊன்றிய திருவடியோ திரோபவம், அதாவது மறைத்தல். கலங்காது நிற்கும் பாதத்தை, கீழே ஊன்றி நிற்கும் அந்த ஒரே அங்கத்தை, நம் பெரியோர்கள் காத்தலுக்கு வைக்கவில்லை, மறைப்புக்கு வைத்தார்கள். இதன் நுட்பத்தை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். கால் பாவி நிற்கும் தரை உறுதியானது, என்றும் இப்படியே இருப்பது என்று நமக்குத் தோன்றுவதே மறைப்பு. அதுவும் அருளின் செயலே. அந்த மறைப்பு இல்லாவிட்டால் ஒருவன் கன்று நட்டு மரமாகும் வரை காத்திருக்க மாட்டான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டான், வினையை அநுபவித்துப் பக்குவப்படவும் மாட்டான். ஆனால் மறைப்பை மறைப்பென்று அறியாமல், அதையே தனக்குக் கிடைத்த தனிச் சலுகையென்று கருதுபவன் அக்கரையில் இருப்பவனைத் தன்னிலும் தாழ்ந்தவனாக எண்ணத் தொடங்கிவிடுகிறான். மெராபிச் சாரலில் உழுபவனுக்கு வெளிப்பட்டு நிற்பது எதுவோ, லங்காட் ஆற்றங்கரையில் வாழும் நமக்கு மறைந்து நிற்பதும் அதுவே.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். மாண்டவர்களின் கதி என்ன? வினைப்பயன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, எரிமலைகளை எழுப்பும் அதே அகழியில் தட்டு வழுக்கி எழுந்த ஆழிப்பேரலை, பினாங்கிலும் கெடாவிலும் உயிர் குடித்து, வங்கக் கடலைக் கடந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் பாட்டன்மார் கப்பலேறிய துறைமுகம் அது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் மாண்டார்கள். அப்போதும் சிலர் பாவம் என்றும் பலன் என்றும் பேசினார்கள். கன்மக் கொள்கையை நான் மறுப்பவன் அல்லேன். என் துன்பத்தை நான் தாங்கிக்கொள்ளவும், என் குற்றத்தை நான் உணரவும் அது எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது ஒருவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் அதை உச்சரிப்பவன், எந்த வினை எப்போது பலிக்கும் என்ற முற்றறிவைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். வினையைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்று கூறும் சித்தாந்தம், அந்தக் கணக்கைப் படிக்கும் உரிமையை மனிதனுக்கு எங்கும் வழங்கவில்லை.

மெராபியின் காவலராக யோக்யகர்த்தா சுல்தானால் நியமிக்கப்பட்டிருந்த மாரிஜான் என்னும் முதியவர், 2010 அக்டோபரில் மலை பொங்கியபோது, அதிகாரிகள் பலமுறை வேண்டியும் தம் இல்லத்தை விட்டு இறங்க மறுத்து, எரிமேகத்தில் மாண்டார்; வணங்கிய கோலத்தில் அவர் உடலைக் கண்டெடுத்ததாகச் செய்திகள் கூறின. ஒப்புக்கொண்ட கடமையை உயிரினும் மேலாகக் கொண்ட அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அவரைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்ட மற்றவர்களை நினைக்கும்போது, அந்த நிஷ்டையை ஊருக்கு உபதேசிக்க என்னால் இயலவில்லை. பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ மலை 1991-இல் விழித்தபோது நேர்ந்தது வேறு. மலையின் நடுக்கத்தையும் கந்தக வாயுவின் அளவையும் வாரக்கணக்கில் அளந்த விஞ்ஞானிகள், வெடிப்பு எப்படியிருக்கும் என்று மக்களுக்குப் படம் போட்டுக் காட்டி, பல்லாயிரக்கணக்கானோரை முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள். அருள் என்ற சொல்லை நான் கூசாமல் பயன்படுத்தக்கூடிய இடம் இது: அந்த அறிவு, அந்தப் பொறுமை, அறிந்ததை அயலானுக்குச் சொல்ல ஓடிய அந்தக் கால்கள். நம் பக்கத்து ஊரான பாங்கியின் பல்கலைக்கழகத்தில் பூகர்ப்பம் பயிலும் பிள்ளைகள் செய்வதும் இதன் வகையே. கோயில் நிர்வாகங்கள் கும்பாபிஷேகத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இத்தகைய கல்விக்கு ஒதுக்கினால் அதையும் சிவதருமம் என்றே கொள்வேன்.

பினாட்டுபோ உச்சமாக வெடித்த ஜூன் 15 அன்றே அப்பகுதியில் ஒரு சூறாவளியும் வீசியது. மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை அழுத்திச் சரிக்க, வெடிப்பிலிருந்து தப்பியவர்களில் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கூரைகளின் கீழ் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த ஏட்டா பழங்குடியினரின் குழந்தைகள் பலர், பிற்பாடு முகாம்களில் தட்டம்மை கண்டு மாண்டார்கள். மலையை அளந்தவர்களுக்குப் புயல் எட்டவில்லை. புயலுக்குத் தப்பியவர்களை நோய் விடவில்லை. அந்தக் குழந்தைகளைப் பற்றிச் சித்தாந்தம் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டால், அவர்கள் இறைவனால் வெறுக்கப்பட்டவர்கள் அல்லர் என்ற ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மீதியை, தடுப்பூசி ஏன் அந்த முகாமுக்கு உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.